இளநீர் அரிவாள் ஏன் எவர்சில்வரில் இல்லை?

மெட்டலர்ஜி என்றாலே நம்மில் பலருக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரிதான் ஞாபகத்துக்கு வரும். இரும்பு–கார்பன் வரைபடத்தை மனப்பாடம் பண்ணி, கோடு பிசகாமல் வரைந்துவிட்டு, ஹாலை விட்டு வெளியே வந்ததும் மறந்துவிடுகிறோம். அந்த வரைபடத்தின் உயிருள்ள பாடம் பெரிய காஞ்சிபுரத்தில் ஒவ்வொரு இளநீர் வண்டியிலும் கிடக்கிறது.

அந்த அரிவாளைக் கவனித்துப் பாருங்கள். உடம்பெல்லாம் கறுத்து, வாய் மட்டும் பளபளவென்று இருக்கும். வீட்டில் டம்ளர், குடம், தட்டு எல்லாம் எவர்சில்வராக மாறி எத்தனையோ வருஷம் ஆச்சு. சேலம் உருக்காலையே 1980களின் தொடக்கத்தில் எவர்சில்வர் தகடு உருட்டத் தொடங்கிவிட்டது. அப்படியிருக்க, நாள் முழுக்க ஈரத்தில் புழங்கும் அரிவாள் மட்டும் ஏன் துருப்பிடிக்கிற இரும்பிலேயே இருக்கிறது? விலைதான் காரணம் என்று சொல்லிவிடலாம். அது பாதி பதில்தான்.

மீதிப் பாதியை ஏகாம்பரநாதர் சன்னதி தெருப் பக்கம் ஒரு இளநீர்க்காரர் எனக்குச் சொன்னார். "எவர்சில்வர்ல ஒண்ணு அடிச்சுக்கக் கூடாதாண்ணே?" என்று கேட்டேன். "அடிக்கலாம் தம்பி. வாய் போனா எந்தப் பட்டறையில குடுத்து மறுபடி பதம் போடுறது?" என்றார். நம் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் முழுக்க இருக்கிற விஷயம் இது.

நம்மூர் அரிவாள் பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. அரிவாளுக்குப் பேர்போன சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியிலும் இந்தப் பட்டைக்குத்தான் மதிப்பு. அதில் கார்பன் ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவீதம். கூடவே சிலிக்கனோ மாங்கனீஸோ இருக்கும். லாரி குலுக்கலைத் தாங்கப் பிறந்த எஃகு, அதனால் மட்டையில் ஓங்கிப் போட்டாலும் உடையாது. கொல்லர் அதை உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, வாய்ப் பக்கத்தை மட்டும் தோய்க்கிறார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்க்கு இறங்கும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் நிறம் ஓடும்: 220 டிகிரி வாக்கில் இளமஞ்சள், 280இல் ஊதா, 300இல் நீலம். சவரக் கத்தி என்றால் இளமஞ்சளிலேயே நிறுத்தணும். அரிவாளுக்கு ஊதா, நீலம் வரை விடலாம். கடினம் கொஞ்சம் குறையும், உறுதி கூடும். தெர்மாமீட்டர் கிடையாது, கண்தான். நாம் 'ஹார்டனிங்', 'டெம்பரிங்' என்று தனித்தனித் தலைப்புப் போட்டு எழுதுவதை அவர் ஒரே சூட்டில் முடித்துவிடுகிறார்!

எவர்சில்வரில் இந்த வித்தை பலிக்காது. முதலில், டம்ளர் எஃகும் கத்தி எஃகும் ஒன்றல்ல. 304 ரகத்தில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. காய்ச்சித் தோய்த்தாலும் அது கடினமாகாது, கத்திக்கு லாயக்கில்லை. கத்திக்கு 420, 440சி போன்ற ரகங்கள் வேண்டும். இவை காந்தத்தில் ஒட்டும். "காந்தம் ஒட்டினா ஒரிஜினல் எவர்சில்வர் இல்லை" என்று பாத்திரக்கடையில் சொல்வதைக் கத்திக்குப் பொருத்தாதீர்கள். இவற்றைப் பதப்படுத்த ஏறக்குறைய 1000 டிகிரிக்கு மேல், அளவு தப்பாத சூடு வேண்டும். கரி உலையில் நிறம் பார்த்துச் செய்வது மிகக் கஷ்டம். 420இல் கார்பன் குறைவு, வாய் சீக்கிரம் மடியும். 440சியில் கார்பன் ஏறக்குறைய 1 சதவீதம்; கூர் நிற்கும், ஆனால் மட்டையில் ஓங்கி வெட்டினால் பல் விழும். 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி இந்த எஃகைக் கொண்டுவந்தபோது, வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அந்த ஊர்க் கத்திக்காரர்களே கேலி செய்தார்களாம்.

இதில் ஒரு வேடிக்கை. தென்னிந்திய உருக்கு 'ஊட்ஸ்' என்ற பெயரில் லண்டன் போனது. கத்தி செய்பவரான ஸ்டோடார்ட்டும் விஞ்ஞானி ஃபாரடேயும் அதன் ரகசியம் தேடித்தான் 1820 வாக்கில் எஃகோடு பிற உலோகங்களைக் கலந்து பார்க்கத் தொடங்கினார்கள். குரோமியமும் அதில் ஒன்று. ஆக, எவர்சில்வரின் பூர்வ கதையில் நம்மூர் உலைக்கும் பங்குண்டு.

அப்படியானால் வெளி வேலைக்கு எவர்சில்வர் கத்தியே வேண்டாமா? அப்படியில்லை. சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் கடற்கரையில் மீன் அரிய எவர்சில்வர்தான் நல்லது. கார்பன் எஃகு உப்புக் காற்றில் ஒரு ராத்திரியிலேயே சிவந்துவிடும். எவர்சில்வரையும் உப்புத்தண்ணீர் சும்மா விடாது, புள்ளி புள்ளியாக அரிக்கும்; நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கணும். வாழைக்காய், மாங்காய், எலுமிச்சை நறுக்கவும் எவர்சில்வரே மேல். கார்பன் கத்தி புளிப்பிலும் துவர்ப்பிலும் கறுத்து, காயிலும் கறை ஏற்றும்.

என்.எஸ்.எஸ். முகாமுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் யோசனை: புதர் வெட்ட, விறகு பிளக்கக் கொல்லுப்பட்டறை அரிவாள் ஒன்று, சமையலுக்கு எவர்சில்வர் கத்தி இரண்டு. அரிவாளைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். ஈரச் சாக்கில் சுற்றாதீர்கள். எது எந்த எஃகு என்று சந்தேகம் வந்தால், பட்டறையில் கண்ணாடி போட்டுக்கொண்டு கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். கார்பன் எஃகு மத்தாப்பு மாதிரி வெடித்துப் பூக்கும்; எவர்சில்வரில் பொறி குறைவு, மங்கல்.

அப்படியே கூர் தீட்டுகிறேன் என்று அழுத்திப் பிடிக்காதீர்கள். இளமஞ்சளில் பதம் பார்த்த கத்தியின் வாயில் நீலம் ஓடிவிட்டால், அந்த இடத்தைத் தேய்த்து எடுக்கும் வரை கூர் நிற்காது. பக்கத்தில் ஒரு மக்குத் தண்ணீர் வைத்து, அடிக்கடி தோய்த்துத் தோய்த்துப் பிடியுங்கள்.