சூடேறும் காயிலுக்கு எது மாற்று?

புத்தூரிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில், வடமாலபேட்டைச் சுங்கச்சாவடிக்குச் சற்று முன்னே, அக்கினி நட்சத்திரத்து நடுப்பகலில், வரிசையோடு வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்த எங்கள் மகீந்திரா எப்.ஸி. 150 இரண்டு முறை தும்மிவிட்டு நின்றுபோயிற்று. அமெரிக்காவில் 1965 வரை தயாராகி, 1960களின் நடுவிலிருந்து நம் நாட்டில் செய்யப்பட்ட அந்த ஜீப் வம்சத்துச் சிறு லாரியில், பெட்ரோல் எஞ்ஜின் ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் அமர்கிறவருக்கும் நடுவே ஓர் இரும்புக் கூட்டுக்குள் வாசம் செய்கிறது. ஆகையால் அதன் உஷ்ணத்தில் இக்னிஷன் காயிலுக்கும் பங்குண்டு, நமக்கும் பங்குண்டு. லாரிகளெல்லாம் டீஸலுக்குப் போய்விட்ட காலத்தில், லாரியில் காயில் சுடுகிறது என்று சொன்னால் இளம் மெக்கானிக்குகள் நம்மை வேடிக்கையாகப் பார்க்கிறார்கள். டீஸல் எஞ்ஜினுக்கு அந்த உறுப்பே கிடையாதல்லவா!

உதவிக்கு வந்த வயோதிக மெக்கானிக் காயிலைத் தொடக்கூட இல்லை. "வண்டி நின்னதும் சாவியை எடுத்தீங்களாய்யா?" என்றார். எடுக்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் மூடிய நிலையில் எஞ்ஜின் நின்றால், சாவி போட்டிருக்கும் வரையில் மின்சாரம் இடைவிடாமல் காயிலுக்குள் பாயும். நான் பெட்ரோல் குழாயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பத்து நிமிஷமும் அது உள்ளே வெந்துகொண்டிருந்தது. புத்தூர்க் கட்டுப் போடுகிறவர்கள் எலும்பைத் தடவிப் பார்க்காமல் பத்தை வைப்பதில்லை. இங்கும் புதிய காயிலைத் தேடுமுன் நோயை நிர்ணயிக்க வேண்டும்.

காயில் சுடுவது மட்டுமே நோயன்று. நல்ல காயிலும் வெயிலில் விரல் வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். சூட்டில் நின்று, அரைமணி ஆறியபின் ஒன்றும் நடவாததுபோல் கிளம்புவதுதான் லக்ஷணம்; ஆனால் குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான். இரண்டையும் பிரித்தறிய, வண்டி நின்ற அந்த க்ஷணத்திலேயே காயிலின் நடு வயரைப் பிடுங்கி, ரப்பர் பிடியோடு எஞ்ஜின் இரும்புக்கு அரை சென்டிமீட்டர் தூரத்தில் நிறுத்தி ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்ல வேண்டும். நீலமாகச் சடசடத்தால் குற்றம் பெட்ரோலில்; மஞ்சள் நூலாகத் துவண்டால், அல்லது ஒன்றுமே வராவிட்டால், காயில், பாயிண்ட், கண்டென்சர் மூன்றில் ஒன்றில். காயிலின் கழுத்தில் எண்ணெய் கசிந்திருந்தால் விசாரணையே வேண்டாம், கழற்றிவிடலாம்.

எங்கள் காயிலோ முந்திய மாதம்தான் ஒரு கடையில், "ஸ்பார்க் நல்லா வரும்" என்ற சிபாரிசோடு வாங்கியது. ஆறியபின் இரண்டு சிறு முனைகளுக்கிடையே மீட்டர் வைத்தால் ஒன்றரை ஓம் காட்டிற்று. (சூட்டில் அளந்தால் எண் ஏறித் தெரியும், செம்பின் ஸ்வபாவம் அது.) பிறகு பாயிண்ட் மூடியிருக்கும்படி வைத்து, சாவி போட்டு, காயிலின் பாஸிட்டிவ் முனையில் வோல்ட் பார்த்தோம்: ஏறக்குறைய பேட்டரியின் முழு 12. ஆறு, ஏழு என்று காட்டியிருந்தால் வழியில் பேலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கிறது என்று பொருள். இல்லை. எஞ்ஜின் ஓடும்போது 14 வோல்ட் என்று கொண்டால், மூன்று ஓம் காயில் பாயிண்ட் மூடியிருக்கையில் ஏறத்தாழ 4.7 ஆம்பியர் இழுத்து 65 வாட் உஷ்ணத்தை விழுங்கும். ஒன்றரை ஓம் காயில் பேலஸ்ட் இன்றி 9 ஆம்பியருக்கு மேல் இழுத்து 130 வாட்டில் வேகும். பாயிண்ட் நீலம் பூத்துக் கருகியிருந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கிற்று.

இனித் தேர்வு. பேலஸ்ட் இல்லாத வயரிங்குக்கு மூன்று ஓம் காயிலே பொருத்தம். மாட்டுவதும் சுலபம், கெடுவதும் அரிது. ஒன்றரை ஓம் காயிலையே வைத்துக்கொள்ள விரும்பினால் அதே அளவு பேலஸ்டை வெளியே சேர்க்கலாம்: உஷ்ணத்தில் பாதி அந்தப் பீங்கான் துண்டுக்குப் போய்விடும், காயிலுக்கு 33 வாட்தான். இந்த ஏற்பாட்டின் உண்மையான லாபம், ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் பேலஸ்டைத் தாண்டி முழு மின்சாரம் கொடுத்துக் குளிரில் பலமான பொறி பெறுவது. அதற்குத் தனி வயர் இழுக்க வேண்டும். வடமாலபேட்டையில் எந்தக் குளிருக்கு? பாயிண்ட்டையே நீக்கிவிடும் மின்னணு சாதனமும் கிடைக்கிறது. அதற்கு எத்தனை ஓம் காயில் என்று அதன் அட்டையைப் படிக்காமல் மாட்டினால் பழைய கதைதான். அதை நான் வேண்டாமென்றதற்குக் காரணம் வேறு: பாயிண்ட் கெட்டால் சாலையோரத்தில் உப்புத்தாளால் தேய்த்து வீடு சேரலாம், அந்தச் சிறு பெட்டி கெட்டால் இன்னொரு வண்டியின் கயிற்றைத்தான் நம்ப வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் இரண்டு காரியம் பாக்கி. பாயிண்ட் இடைவெளி அரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது மூடியிருக்கும் நேரம் நீண்டு, சரியான காயிலும் சுடும். சார்ஜிங் 14லிருந்து 16 வோல்டுக்கு ஏறினால் உஷ்ணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும்.

நாங்கள் மூன்று ஓம் காயிலை வாங்கி, பாயிண்ட்டையும் கண்டென்சரையும் சேர்த்து மாற்றி, காயிலை எஞ்ஜின் கூட்டுக்கு வெளியே, காற்றுப் படும் முன் தகட்டில் பிணைத்தோம். நடு வயர் மட்டும் ஒரு முழம் நீண்டது. பழையதன் முதுகில் பெயிண்ட்டால் 1.5 என்று எழுதிக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைத் துடைத்து மறுபடி அலமாரியில் வைத்தார்.