குளிர்த்திப் பாடலும் அதன் பொருளும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கண்ணகை அம்மன் ஆலயங்களில் வைகாசிச் சடங்கின் நிறைவாகப் பாடப்படுவது குளிர்த்திப் பாடலாகும். இவ்வாலயங்கள் பலவற்றின் கதவு முன்னர் ஆண்டுக்கு ஒருமுறை இச்சடங்குக்காகவே திறக்கப்பட்டது. கதவு திறந்தபின் கண்ணகி வழக்குரை ஏடு படிக்கப்பெற்று, பூரணையை ஒட்டிய இறுதி இரவில் குளிர்த்தி நடைபெறும்.

குளிர்த்தி என்றால் குளிரச் செய்தல். யாரைக் குளிர்விப்பது?

கள்வனென்று கொல்லப்பட்ட கோவலனுக்காக வழக்குரைத்து வென்ற கண்ணகி மதுரையை எரிக்கிறாள். சிலப்பதிகாரத்தில் அவள் பதினான்கு நாட்களின் பின் கணவனோடு வானுலகம் சேர்கிறாள். நாட்டார் மரபு அவளை அவ்வளவு விரைவில் அனுப்பிவிடவில்லை. கோபம் தணியாது வந்தவளை இடைக்குலப் பெண்கள் பாலும் வெண்ணெயும் கொண்டு குளிர்வித்தனர் என்கின்றது. வன்னியிலே வட்டாப்பளையில் வழங்கும் கதையும் இதற்கு உறவானதே. நந்திக்கடலோரம் மூதாட்டியாக வந்த அம்மனுக்கு மாடு மேய்த்த சிறுவர்கள் பொங்கிப் படைத்து, கடல்நீரில் விளக்கெரித்தார்களாம். பசியாற்றியதும் ஒருவகைக் குளிர்த்திதானே!

நீதி கேட்டெழுந்த அந்தக் கோபத்தைக் குற்றமென்று எவரும் கூறுவதில்லை. ஆனால் நியாயமான கோபமும் தணியாது நின்றால் ஊர் தாங்காது. ஆகவேதான் அடியார்கள் வரம் கேட்குமுன் தாயின் மனம் குளிர வேண்டுமென்று பாடுகின்றனர். வைகாசி என்பது கிழக்கிலே கச்சான் காற்று வீசி நிலம் காயத் தொடங்கும் காலம். கொப்புளிப்பான், சின்னமுத்து போன்ற நோய்களையும் மழையின்மையையும் அம்மனின் வெப்பமாகவே முன்னோர் கண்டனர். அவள் குளிர்ந்தால் வயலும் உடலும் குளிரும் என்பது அவர்கள் நம்பிக்கை. பாடலின்போது கப்புகனார் வேப்பிலை தோய்ந்த நீரை அம்மனுக்கும் அடியார்க்கும் தெளிப்பது இதனாலேயே. பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அந்த நீருக்காக முண்டியடிக்கும் கூட்டம் குறையவில்லை.

நீரைப் பெற்றதும் பலர் வீடு திரும்பிவிடுகின்றனர். பாடலோ அப்போதுதான் அம்மனோடு பேசிக்கொண்டிருக்கும்.

கண்ணகி வழக்குரையை வித்துவான் வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். அதனால் ஏட்டிலிருந்த சொற்கள் அழியாது நமக்குக் கிடைத்தன. எந்த அடியில் குரலைத் தாழ்த்துவது, எங்கே நிறுத்தி அம்மனை அழைப்பது என்பவை அச்சில் ஏறுவன அல்ல. படிப்பவரின் பக்கத்தில் விடியும்வரை இருந்து கேட்டவர்களிடமே அவை இருக்கின்றன.