சிறார் இணையப் பாதுகாப்பும் ஒப்புதலின் மொழியும்

2023ஆம் ஆண்டின் இந்திய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதோரைக் குழந்தைகள் என வரையறுக்கிறது. அவர்தம் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது; அவர்களைக் குறிவைக்கும் விளம்பரங்களையும் பொதுவாக விலக்குகிறது. ஒப்புதல் வேண்டுகோளைத் தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளில் பெறும் வாய்ப்பும் உண்டு. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 'தனியுரிமைக் கொள்கை' என்னும் வழக்கிலுள்ள 'தனியுரிமை' ஒருவர்க்கே உரிய ஏகபோக உரிமை என்றும் பொருள்படும். எனவே நிறுவனம் தன் உரிமையைக் கூறும் ஆவணமாகவே ஒரு தாய் அதனைக் கொள்ளக்கூடும். பேச்சுவழக்கில் 'அந்தரங்கம்' எளிதில் விளங்கும். கைப்பேசியைப் பெற்றோரினும் நன்கறிந்த பிள்ளை உள்ள வீட்டில், ஒப்புதலை வேண்டுவதும் அதன் பொருளை விளக்குவதும் அப்பிள்ளையே. இந்நிலையில் பெறப்படும் இசைவு, சட்டம் வேண்டும் 'அறிந்தளிக்கும் ஒப்புதல்' ஆகுமா என்பது ஐயத்திற்குரியது. 'உங்கள் குழந்தையைப் பற்றி நாங்கள் திரட்டும் செய்திகள்' என்னும் நெடுந்தொடர் கலைச்சொல் ஆகாது. ஆயினும் பொருள் மயங்காது.