தச்சரின் தேர்வு

பெங்களூருவில் எஸ்.பி. சாலை என வழங்கும் சாதர் பத்ரப்பா சாலையில் கருவிக் கடைகள் நெருங்கி நிற்கின்றன. தருமபுரியிலிருந்து பிழைக்க வந்த தச்சர் ஒருவர் துளைக்கருவி வாங்க அங்கே செல்வதாகக் கொள்வோம். ஜெர்மனியின் போஷ், ஜப்பானின் மகிட்டா, அமெரிக்காவின் டிவால்ட் எனப் பல நிறுவனக் கருவிகள் அவர்முன் வைக்கப்படுகின்றன. எதை வாங்குவது?

கம்பியில்லாக் கருவியில் மின்கலமே விலைமிக்க உறுப்பு. மூன்று நிறுவனங்களிலும் 18 வோல்ட் மின்கலங்கள் உண்டு. ஆயினும் ஒன்றின் மின்கலம் மற்றொன்றின் கருவியில் பொருந்தாது. போஷ் நிறுவனத்திலேயே தொழிலாளர்க்கான நீலநிற 18 வோல்ட் கருவியின் மின்கலம், வீட்டுப் பயன்பாட்டுக்கான பச்சைநிறக் கருவியில் சேராது. ஆகவே இன்று துளைக்கருவி வாங்குபவர், நாளை வாங்கவிருக்கும் அறுக்கும் கருவிக்கும் இழைக்கும் கருவிக்கும் சேர்த்தே நிறுவனத்தைத் தேர்கிறார். நாள் முழுவதும் ஓரிடத்திலேயே வேலை என்றால் கம்பியுள்ள கருவியே சிக்கனம். இதைக் கடைக்காரர் தாமாகச் சொல்வது அரிது.

நாட்கூலி பெறுபவருக்குக் கருவி பழுதாகிக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் ஊதிய இழப்பு. எனவே தச்சர் முதலில் கேட்பது விலையை அன்று. பழுதுநீக்கும் நிலையம் எங்குள்ளது, உதிரி உறுப்புகள் உடனே கிடைக்குமா என்பதையே.

சிந்தித்து எழுதுக: மூன்று கருவிகளை மூன்று நிறுவனங்களில் வாங்கினால் தச்சருக்கு நேரும் கூடுதல் செலவு யாது?