இடுப்பளவுப் புல்லுக்கு எந்தக் கத்தி?

ஐப்பசி மழை ஓய்ந்து பத்து நாள் போதும், தென்னந்தோப்பில் வரப்பு எது வாய்க்கால் எது என்று தெரியாது. வீட்டில் கிடக்கிற வெட்டரிவாளை எடுத்துக்கொண்டுதான் பலரும் இறங்குகிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன். தோள்பட்டை விட்டுப்போகும், புல் மட்டும் சாய்ந்து சாய்ந்து எழுந்து நிற்கும்.

வெட்டரிவாள் நம் பட்டறைகளில் பெரும்பாலும் பழைய லாரிப் பட்டையை அடித்துச் செய்வது. முதுகு தடித்தது. கட்டைக்குள் அது இறங்குவது எடையால். பச்சைப் புல்லோ எதிர்த்து நிற்காமல் வளைந்துகொடுக்கிறது. அதை அறுக்க எடை உதவாது. வேகமும் கூர்மையும் வேண்டும்.

அதற்கு ஏற்றது லத்தீன் அமெரிக்கத் தோட்டங்களில் புழங்கும் மெல்லிய மச்செட்டி. 18 அங்குல அலகு, சுமார் 2 மில்லிமீட்டர் கனம், எடை ஏறக்குறைய அரைக் கிலோ. அங்கே வேலை செய்பவர்கள் இடக்கையில் ஒரு கொக்கிக் குச்சி வைத்திருப்பார்கள். அதனால் புல்லை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அடியில் சாய்வாக வீசுவார்கள். புல்லும் நழுவாது, விரலுக்கும் ஆபத்தில்லை. கொய்யாக் கவட்டையில் ஒரு கிளையைக் குட்டையாக நறுக்கினால் அந்தக் குச்சி தயார். மணிக்கட்டைத் தளர்வாக விட்டு, தரைக்கு நான்கு விரல் மேலே, காலை விட்டு விலகும் திசையில் வீசுங்கள். கல்லில் பட்டால் மெல்லிய வாய் மடங்கிவிடும். ஆகவே கத்தி வாங்கும்போதே ஒரு தட்டை அரமும் வாங்கிவிடுங்கள். வேலைக்கு நடுவிலேயே நாலு இழுப்பு இழுத்தால் போதும்.

மாட்டுக்குத் தீவனமாக அறுக்கிறீர்களா? அப்போது கருக்கரிவாள்தான். மச்செட்டி புல்லைச் சிதறடிக்கும். கருக்கரிவாளில் அறுத்தது கைப்பிடி கைப்பிடியாகக் கட்டுக்கு வந்து சேரும்.

உண்ணிச்செடியின் இளந்தண்டு மச்செட்டிக்கு அடங்கும். கட்டைவிரல் பருமனுக்கு முற்றிவிட்டால் வெட்டரிவாளை எடுங்கள். சீமைக்கருவேலத்தை எதால் வெட்டினாலும் அடிக்கட்டை துளிர்க்கும், கடப்பாரை போட்டு வேரோடு எடுத்தால்தான் தீரும். பார்த்தீனியத்துக்குக் கத்தியே வேண்டாம். பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டுப் பிடுங்குங்கள். வெறும் தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும்.

ஏக்கர் கணக்கில் வெட்டவெளி என்றால் புல்வெட்டி இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பதே மேல். ஆனால் அதன் நைலான் நரம்பு சொட்டுநீர்க் குழாயையும் இளங்கன்றின் பட்டையையும் பார்த்து விலகாது. சல்லிக்கல்லும் தெறிக்கும். கண்ணாடி போடாமல் அதைத் தொடவே கூடாது. எங்கள் தோப்பில் நடுப்பாத்திக்கு இயந்திரம், கன்றைச் சுற்றி ஓரடிக்கு மச்செட்டி.

எந்தக் கருவியானாலும், இறங்கும் முன் நீளக் கழியால் புல்லைத் தட்டிக் கலைத்துவிட்டுச் சற்று நில்லுங்கள். கண்ணாடி விரியன் படுத்துக்கிடக்க அந்த நிழல் போதும். முழங்கால்வரை பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள்.