வெட்டியது ஏன் என்று கேளுங்கள்

சுங்கைப்பட்டாணி, கூலிம், பாலிங் வட்டாரத்தில் டவர் வேலைக்குப் புதிதாக வரும் தம்பி, தங்கச்சிகளுக்கு இது. 1996 ஆகஸ்டு 3-ல் தீபகற்ப மலேசியா முழுக்க இருண்டது. அப்படிப்பட்ட நாளில் போனைத் தாங்குவது 48 வோல்ட் பேட்டரி. பேட்டரியையும் அதை நம்பி ஓடும் கருவிகளையும் காப்பது கன்ட்ரோலர். அதன் போக்கைப் புரிந்துகொண்ட பிறகு ஸ்பேனரை எடுங்கள்.

1. மோதிரம், வாட்ச், கோயில் காப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். 48 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். ஷார்ட் ஆனால் பேட்டரி ஆயிரக்கணக்கில் ஆம்பியர் கொட்டும். இங்கே எர்த் ஆகியிருப்பது பிளஸ் பக்கம். கார் பேட்டரிப் பழக்கத்தில் கைவைக்காதீர்கள்.

2. டிஸ்பிளேயை மட்டும் நம்பாமல் மீட்டரையும் வைத்துப் பாருங்கள். ஈய பேட்டரியில் 24 செல். கரண்டு இருக்கும்போது நிற்கும் ஃப்ளோட் சார்ஜ் 25 டிகிரியில் செல்லுக்கு ஏறக்குறைய 2.25 வோல்ட் என்றால் மொத்தம் 54.

3. வெப்ப சென்சாரைத் தேடிப் பாருங்கள். சூடு ஒரு டிகிரி ஏறினால் கன்ட்ரோலர் செல்லுக்குச் சுமார் 3 மில்லிவோல்ட் குறைக்கும். பேட்டரி 35 டிகிரியில் இருந்தால் 53.3 போதும். சென்சார் கழன்று ஏர்கான் காற்றில் தொங்கினால், குளிர் என்று நினைத்து வோல்டேஜை ஏற்றிவிடும். சில மாதத்தில் பேட்டரி உப்பிப் போகும். நம் வெயிலில் இது சாதாரணமாக நடப்பது.

4. கரண்டு போய், செல்லுக்கு 1.8, அதாவது 43.2 வோல்ட் வந்ததும் பேட்டரியைத் துண்டிக்கும்படி வைத்திருப்பார்கள். அதற்குக் கீழே இழுத்தால் பேட்டரியின் ஆயுள் போகும். அப்படியே வெறுமையாகக் கிடந்தால் சல்பேட் படிந்து மீளவே மீளாது.

5. துண்டித்ததும் பாரம் இறங்குவதால் வோல்டேஜ் தானாகவே 46, 47-க்கு ஏறும். பேட்டரி தேறிவிட்டது என்று ஏமாறாதீர்கள். திரும்ப இணைக்கும் அளவை அங்கே வைத்தால், பேட்டரியைத் துண்டித்து இணைக்கும் காண்டாக்டர் டக் டக்கென்று அடித்துத் தேயும். சார்ஜ் வந்தால் மட்டுமே எட்டும் 50-க்கு மேல் வையுங்கள்.

6. எல்லா லோடையும் ஒரே நேரத்தில் வெட்டவிடாதீர்கள். அதிகம் தின்னும் ரேடியோக்கள் முதலில் போகட்டும். மற்ற டவர்களின் பேச்சைக் கடத்தும் மைக்ரோவேவும் ஃபைபரும் கடைசிவரை நிற்கட்டும். வெள்ளத்தில் ஜென்செட் லாரி ஏற முடியாத இரவில் 999-ஐ அழைப்பவருக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிது.

7. கரண்டை 48 வோல்ட்டாக மாற்றித் தரும் ரெக்டிஃபையர் மாட்யூல்களில் ஒன்று கெட்டு வோல்டேஜ் ஏறினால், கருவிகள் கருகுமுன் அதை மட்டும் நிறுத்துவதற்குக் காவல் உண்டு. அலாரத்தை அடக்கிவிட்டு அதே மாட்யூலை மறுபடி ஏற்றாதீர்கள்.

8. கரண்டு திரும்பியதும் அவசரப்பட்டு சார்ஜைக் கூட்டாதீர்கள். 100 ஆம்பியர்-ஹவர் ஈய பேட்டரிக்கு 10 ஆம்பியர் போதும்.

9. லித்தியம் மாட்டினால் பழைய ஈய பேட்டரி செட்டிங் உதவாது. தயாரிப்பாளர் தாளைப் பார்த்து எல்லா அளவையும் மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. சைட்டை உடனே எழுப்பச் சொல்லி மேலிருந்து எத்தனை போன் வந்தாலும், வெட்டிய காண்டாக்டருக்குக் குறுக்கே ஒயர் போடாதீர்கள். அன்றைக்கு சைட் எழும்; அடுத்த மின்வெட்டில் பேட்டரி இருக்காது.