முதல் கோடு நீருக்கே

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவன், தாவரவியல் துறை

முன்னுரை

சொந்த வீடு என்பது உழைக்கும் குடும்பம் ஒவ்வொன்றின் கனவாகும். நம் திருப்பூரில் அக்கனவு பெரும்பாலும் ஒரு விளம்பரப் பலகையில் தொடங்குகிறது. அவிநாசி சாலை, பல்லடம் சாலை, காங்கயம் சாலை என எந்தப் பக்கம் சென்றாலும் ‘கார்டன் சிட்டி’, ‘பசுமை நகர்’ என்னும் பெயர்களைக் காணலாம். பலகையில் பசும்புல்லும் பூஞ்செடிகளும் இருக்கும். பலகைக்குப் பின்னே மண்வெட்டி இயந்திரம் நின்றுகொண்டிருக்கும்.

என் தந்தையார் பனியன் கம்பெனியில் டெய்லர். தாயார் செக்கிங் வேலை செய்கிறார். நான் பிறந்தது முதல் நாங்கள் நால்வரும் லைன் வீட்டில் ஒரே அறையில் வாழ்ந்து வருகிறோம். சென்ற ஆண்டு, சீட்டு எடுத்த பணத்தை முன்பணமாகக் கொடுத்து, ஊருக்கு வெளியே இத்தகைய நகர் ஒன்றில் என் தந்தையார் ஒரு மனையைப் பிடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அங்கே அழைத்துச் சென்று, மனைப் பிரிவு வரைபடத்தை என் கையில் கொடுத்து, “கண்ணு, எனக்கு இந்த மேப்பெல்லாம் புரியாது. நீதான் படிக்கறயே, பாத்துச் சொல்லு” என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கும் அது புரியவில்லை.

ஆனால் தரையில் இருந்த செடிகள் புரிந்தன. எங்கள் மனை இருந்த வரிசையில் கோரையும் சம்பும் முளைத்திருந்தன. இவை ஈரத்தை நாடி வளர்பவை. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரைக் கேட்டேன். “இது பள்ளங் கண்ணு. மழை பேஞ்சா தண்ணி இந்த வழியாத்தான் போகும்” என்றார்.

புதிய குடியிருப்பு ஒன்றைப் பெரிய அளவில் அமைக்கும்போது நிலத்தையும் இயற்கையையும் காப்பது எவ்வாறு? அன்று எழுந்த இக்கேள்விக்கு நான் தேடிய விடையே இக்கட்டுரை.

தோட்ட நகர் என்னும் எண்ணம்

‘தோட்ட நகர்’ என்ற சொல்லை உலகறியச் செய்தவர் எபனீசர் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயர். இவர் பொறியாளர் அல்லர். கட்டடக் கலைஞரும் அல்லர். நாடாளுமன்ற நடவடிக்கைகளைக் குறிப்பெடுத்த சுருக்கெழுத்தர். இலண்டன் மாநகரின் நெரிசலைக் கண்டு வருந்திய இவர், 1898-ஆம் ஆண்டில் தம் திட்டத்தை ஒரு நூலாக வெளியிட்டார். 6,000 ஏக்கர் நிலத்தில் 32,000 பேர் வாழலாம். ஆனால் நகரம் 1,000 ஏக்கரில் அடங்க வேண்டும். மற்ற 5,000 ஏக்கரும் வேளாண்மைக்கும் காட்டுக்கும் மேய்ச்சலுக்கும் உரியவை என்பது அவர் கணக்கு. நிலம் தனித்தனி ஆள்களின் உடைமையாக இராமல் அனைவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்றும் அவர் கூறினார். இவ்வெண்ணப்படி 1903-இல் இங்கிலாந்தில் லெட்ச்வொர்த் என்ற நகரம் தொடங்கப்பட்டது.

ஹோவர்டின் கணக்கையும் நம் விளம்பரப் பலகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் நகரம் தோட்டத்துக்குள் இருந்தது. நம் நகர்களிலோ தோட்டத்தை அழித்துவிட்டு அதன் பெயரை மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

இத்துறையில் நாம் அறிய வேண்டிய மற்றொருவர் பாட்ரிக் கெடிஸ். இவர் ஸ்காட்லாந்தின் டண்டியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் என்பது நம் துறைக்குப் பெருமை தரும் செய்தி. 1914-இல் சென்னை மாகாணத்துக்கு வந்த இவர், கோயமுத்தூர் உள்ளிட்ட பல ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். ஓர் ஊருக்குத் திட்டம் போடுமுன் அவ்வூரைக் கால்நடையாகச் சுற்றி ஆராய வேண்டும் என்பது அவர் கொள்கை. நோயை அறியாமல் மருத்துவர் மருந்து கொடுப்பதில்லை அன்றோ? நிலத்தை அறியாமல் கோடு கிழிப்பதும் அவ்வாறு தவறானதே.

செம்மண் மேட்டில் ஒரு நகரம்

தமிழ்நாட்டில் இத்தகைய தோட்ட நகர் முயற்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, புதுச்சேரிக்கு அருகே விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஆரோவில். எங்கள் துறையின் கல்விச் சுற்றுலாவில் அதைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது.

ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை என அழைக்கப்பட்ட மிர்ரா அல்ஃபஸாவின் எண்ணப்படி, 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டது. 50,000 பேர் வாழத்தக்க நகரமாக அதைப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆங்கர் வடிவமைத்தார். நடுவில் மாத்ரி மந்திர்; அதைச் சுற்றி இரண்டரை கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டமாக நகரம்; அதற்கு வெளியே ஒன்றேகால் கிலோமீட்டர் அகலத்தில் பசுமை வளையம் என்பது திட்டம்.

அன்று அந்த நிலம் எப்படி இருந்தது தெரியுமா? மரங்கள் வெட்டப்பட்டுப் பல தலைமுறைகள் ஆகியிருந்தன. மழை பெய்தால் செம்மண் கரைந்து ஓடிக் கடலில் கலந்தது. ஆழமான மண் வெடிப்புகளே எங்கும் காணப்பட்டன. வீடு கட்டுமுன் நிலத்தைப் பிழைக்க வைக்க வேண்டியிருந்தது. ஆகவே அங்கு வந்தவர்கள் முதலில் வரப்புகளையே கட்டினர். சரிவுக்குக் குறுக்கே கரை போட்டு, ஓடைகளில் சிறு தடுப்பணைகள் அமைத்து, விழுந்த மழையை விழுந்த இடத்திலேயே நிலத்துக்குள் இறக்கினர். அதன்பின் மரம் நட்டனர். வறட்சியைத் தாங்கி விரைந்து வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியா மரங்களை முதலில் வளர்த்து, அவற்றின் நிழலில் நாட்டு மரங்களைக் கொண்டுவந்தனர்.

அந்நாட்டு மரங்கள் எங்கிருந்து கிடைத்தன என்பது சுவையான செய்தி. அப்பகுதியின் பழங்காடு, வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்னும் வகையைச் சேர்ந்தது. வீரை, கருங்காலி, உலக்கைப்பாலை போன்ற மரங்கள் கொண்ட அக்காடு, ஊர்களின் கோயில் காடுகளில் மட்டும் சிறு துண்டுகளாக எஞ்சியிருந்தது. புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு அவற்றுள் ஒன்று. சாமிக்குப் பயந்து நம் முன்னோர் விட்டுவைத்த இத்தகைய காடுகளே புதிய காட்டுக்கு விதை தந்தன. இன்று ஆரோவிலில் நடப்பட்ட மரங்களின் எண்ணிக்கை 20 இலட்சத்துக்கும் மேல் என்பர். நாங்கள் நிழலிலேயே நடந்தோம். முன்பு இங்கே மரமே இல்லை என்று சொன்னபோது எங்களில் பலர் நம்பவில்லை.

வட்டமும் மரமும்

இத்துணை நன்மை செய்த நகரிலும் ஒரு சிக்கல் எழுந்தது. அதுவே நமக்கு முதன்மையான பாடம்.

ரோஜர் ஆங்கரின் திட்டத்தில் நகருக்குள் முழு வட்டமாக ஒரு சாலை உண்டு. அதற்குக் ‘கிரௌன் சாலை’ என்று பெயர். திட்டம் வரையப்பட்ட நாளில் அந்த இடம் பொட்டல். பிறகு மரங்கள் வளர்ந்து, சாலை செல்ல வேண்டிய தடத்திலும் காடு உண்டாகிவிட்டது. ஆரோவிலின் முழுமைத் திட்டம் 2010-இல் அரசிதழில் வெளியாகியிருந்தது. 2021 டிசம்பரில் சாலை அமைக்க இயந்திரங்கள் வந்தன; மரங்கள் சாய்ந்தன. அங்கு வாழ்வோரே இரு தரப்பாயினர். நகரின் தொடக்க காலத் திட்டத்தை நிறைவேற்றியே ஆக வேண்டும், 50,000 பேருக்கான நகரம் சில ஆயிரம் பேரோடு நின்றுவிடக் கூடாது என்றனர் ஒரு தரப்பினர். மரத்துக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்பச் சாலையைச் சற்று வளைத்தால் என்ன என்று கேட்டனர் மறு தரப்பினர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் முதலில் இடைக்காலத் தடை விதித்தது. 2022 ஏப்ரலில், சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும் என்று ஆணையிட்டது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. ஒப்புதல் பெற்ற முழுமைத் திட்டத்துக்குச் சட்ட வலிமை உண்டு என்றது.

யார் சொல்வது சரி என்று தீர்ப்புக் கூற இருபது வயது மாணவனாகிய எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஓர் உண்மை விளங்கியது. திட்டத் தாளில் ஒரு கோடு ஒப்புதல் பெற்றுவிட்டால் அதை அழிப்பது அரிது. எனவே நிலத்துக்காகப் பேச வேண்டிய வேளை, இயந்திரம் வந்த பிறகு அன்று; கோடு போடுவதற்கு முன்பு. மேலும், ஆரோவிலில் திட்டம் முந்தியது, மரம் பிந்தியது. நம் ஊர்ப் பள்ளங்களோ எல்லாத் திட்டங்களுக்கும் முந்தியவை. அவற்றை மறந்து கோடு போட நமக்கு ஒரு காரணமும் இல்லை.

நம் நிலம்

திருப்பூர் மழை குறைந்த பகுதி. ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் வரையே பெய்கிறது. அதுவும் சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடும். ஆகவே மழையில்லாத நாளில் பள்ளத்தைப் பார்ப்பவருக்கு அது வீணான நிலமாகத் தோன்றும். 2011 நவம்பரில் ஜம்மனை ஓடையில் வந்த வெள்ளம் கரையோர வீடுகளை அடித்துச் சென்றதையும், உயிர்கள் போனதையும் நம் ஊரார் மறந்திருக்க மாட்டார்கள்.

வெள்ளிங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலுக்கு நாம் செய்ததும் யாவரும் அறிந்ததே. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு நீரின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட ஆணையிட்டபோது எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்பதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். முதலில் நீரை மறந்தோம். பிறகு கழிவுநீரை முழுவதும் சுத்திகரிக்கப் பெருஞ்செலவு செய்தோம். வீட்டு மனைகளிலும் அதே பிழையைச் செய்ய வேண்டுமா?

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. நல்லாற்று நீரைப் பெறும் நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் அதற்கு ராம்சார் தகுதி கிடைத்தது. அதனுடன் ஒன்றாக அத்தகுதி பெற்றது ஆரோவிலுக்கு வடக்கே உள்ள கழுவேலி என்பது வியப்பான பொருத்தம். ஆனால் குளத்துக்குப் பட்டம் கொடுத்தால் போதாது. அதற்கு நீர் கொண்டுவரும் பள்ளங்களில் மனை போட்டால் குளம் எங்கிருந்து நிறையும்?

காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளையும் இங்கே நினைக்க வேண்டும். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரும் இம்மேய்ச்சல் நிலங்கள், மழை குறைந்த மண்ணில் மாட்டையும் மனிதரையும் வாழவைத்த அறிவின் விளைவு. மனை போடுவோர் முதலில் அகற்றுவது அந்தக் கிளுவை வேலியைத்தான்.

செய்யத்தக்கவை

நான் படித்ததிலிருந்தும் பார்த்ததிலிருந்தும் தொகுத்தவை இவை:

1. திட்டத் தாளில் முதல் கோடு நீருக்கு உரியது. மேடு, பள்ளம், ஓடை, குட்டை ஆகியவற்றைக் குறித்த பின்னரே சாலையையும், அதன் பின்னர் மனையையும் வரைய வேண்டும். அவ்வூரில் ஆடு மேய்ப்பவரைக் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

2. இருக்கும் மரங்களையும் உயிர் வேலிகளையும் எண்ணிக் குறிக்க வேண்டும். ஐம்பது ஆண்டு வேம்பை வெட்டிவிட்டு ஐந்து அங்குலப் புல்தரை வளர்ப்பது தோட்டம் ஆகாது.

3. தமிழ்நாட்டு விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவில், சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக ஒப்படைக்க வேண்டும். அவ்விடத்தை விற்காத மூலையில் ஒதுக்காமல் ஓடைக் கரையை ஒட்டி அமைத்தால், ஒரே நிலம் பூங்காவாகவும் வெள்ளத்துக்கு வழியாகவும் பயன்படும்.

4. சமன் செய்யும்போது மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்து, மரம் நடும் இடத்தில் திரும்பப் போட வேண்டும். வளமான மேல்மண் உருவாகப் பல தலைமுறைகள் ஆகும். வாரிக் கொட்ட ஒரு பகல் போதும்.

5. வீட்டுக் கழிவுநீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை இல்லாத திட்டத்துக்கு ஒப்புதல் தரலாகாது.

6. வேம்பு, புங்கன், பூவரசு, வெள்வேல் என நம் மண்ணுக்கு உரியவற்றையே நட வேண்டும்.

முடிவுரை

வீடே கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரே அறையில் நால்வர் உறங்கும் வீட்டிலிருந்து வரும் எனக்கு அவ்வாறு சொல்ல மனம் வராது. பனியன் தைத்து ஊருக்கெல்லாம் உடை கொடுக்கும் மக்களுக்குக் காற்றும் வெளிச்சமும் உள்ள வீடு வேண்டும். அது தண்ணீர் வராத இடத்தில் வேண்டும் என்பதே என் வாதம்.

எங்கள் மனையின் புல எண்ணைக் கொண்டு, வருவாய்த் துறையின் புல வரைபடத்தையும் பதிவேட்டையும் இணையத்தில் எடுத்துப் பார்த்தேன். மனைக்கு ஒட்டினாற்போல் ஓடைப் புறம்போக்கு என்று இருந்தது. தரையில் ஓடையின் தடமே இல்லை. மண் கொட்டிச் சமன் செய்திருந்தார்கள். தந்தையாரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். முன்பணத்தில் பாதிதான் திரும்பியது. “போனாப் போச்சு உடு கண்ணு” என்று மட்டும் சொன்னார். நாங்கள் இன்னும் லைன் வீட்டில்தான் இருக்கிறோம்.

சென்ற மாதம் அவ்வழியே பேருந்தில் போனேன். அதே மனையில் வேறொரு குடும்பம் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தது. அவர்களும் எங்களைப் போன்றவர்களாகவே தெரிந்தனர். ஒரு குடும்பம் தப்பித்துக்கொள்வதால் பள்ளம் காப்பாற்றப்படுவதில்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

நம் கல்லூரிக்குப் பல ஊர்களிலிருந்து மாணவர்கள் வருகிறோம். அவரவர் ஊரில் மழைநீர் எந்த வழியாக எந்தக் குளத்துக்குப் போகிறது என்பதைப் பெரியவர்களைக் கேட்டு, நடந்து பார்த்து, ஒரு தாளில் வரைந்து கொண்டுவந்தால் என்ன? அவற்றை ஊராட்சி அலுவலகத்திலும், மனை வாங்கப் போகும் ஒவ்வொருவர் கையிலும் சேர்க்கலாம். என் ஊர் வரைபடத்தை நான் தொடங்கிவிட்டேன். பென்சிலால் முதலில் பள்ளத்தைத்தான் வரைந்திருக்கிறேன்.